தம்பிக்குத் தைத்த சட்டை

அந்த வீட்டில் எடைக்கல் பெட்டிக்குத் தம்பி என்று பெயர். வைத்தது மகள். நாலு வயதில் ஒருநாள், அம்மா அந்த அலுமினியப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியிறங்குவதைப் பார்த்து, என்னை விட்டுவிட்டுத் தம்பியை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறாள் என்று தெருவே கேட்கும்படி அழுதாள். இப்போது அவளுக்குப் பதினொரு வயது. அழுகை போய்விட்டது, பெயர் நிலைத்துவிட்டது. தம்பியைப் பூட்டியாச்சா, தம்பி தலைமேல் யார் டம்ளரை வைத்தது, தம்பி நாளைக்கு எத்தனை மணி வண்டிக்குப் போகிறான் என்றுதான் வீட்டில் பேச்சு.

தம்பியின் எடை ஒன்பது கிலோ. உள்ளே வெல்வெட் குழிகளில் ஒரு கிராமிலிருந்து இரண்டு கிலோ வரை எஃகு எடைக்கற்கள் உட்கார்ந்திருக்கும். கண்ணாடிபோல் மெருகேறிய அந்தக் கற்களை வெறும் கையால் தொடக்கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப்பிசுக்குக்கும் எடை உண்டு. ஒரு கைரேகை பதிந்தாலே கல் தன் அளவிலிருந்து தவறிவிடும். அதனால் சின்னக் கல்லை இடுக்கியாலும் பெரிய கல்லை உறைபோட்ட கையாலும் எடுக்க வேண்டும். ஊர் ஊராகப் போய், தொழிற்சாலைத் தராசுகளின்மேல் இந்தக் கற்களை வைத்து, தராசு உண்மை சொல்கிறதா என்று பார்த்துச் சான்றிதழ் எழுதித் தருவது அம்மாவின் வேலை. பன்னிரண்டு வருடமாக அதுதான். ஒரு மில்லிகிராமுக்காகக்கூடச் சண்டைக்கு நிற்பவள் என்பதால் அலுவலகத்தில் அவளை மில்லி என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

அவள் கணவர் இருக்கை தைப்பவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. பேருந்து இருக்கை, கார் இருக்கை, முடிதிருத்தும் கடை நாற்காலி, எது கிழிந்தாலும் அவரிடம் வரும். ஊர் தாண்டிப் போகாத மனிதர். ஆனால் மில்லி போகும் வண்டிகளையெல்லாம் அவருக்குத் தெரியும். அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் போன் வரும். இருக்கையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார், அழுத்தின பள்ளம் எத்தனை நொடியில் மேலே வருகிறது சொல் என்பார். அவள் எண்ணிச் சொல்வாள். நாலு என்றால் பஞ்சு பரவாயில்லை, பத்து என்றால் அந்த வண்டிக்காரன் விளங்க மாட்டான். இப்படி நூறு இருநூறு வண்டிகளை அவர் உட்காராமலே தெரிந்துவைத்திருந்தார்.

மூன்று மாதத்துக்கு முன் மில்லியின் வலது தொடையில் இருந்த நீலத் தழும்பு அவர் கண்ணில் பட்டது. பெட்டியின் விளிம்பு வண்டிக்கு வண்டி ஒரே இடத்தில் இடித்து இடித்து வந்த தழும்பு. பன்னிரண்டு வருடமாக அது அங்கேதான் இருக்கிறது என்று அவள் சொன்னதும் அவருக்கு ரோஷமாகிவிட்டது. ஊரான் பிட்டத்துக்கெல்லாம் பஞ்சு வைத்துத் தைக்கிறவன் பெண்டாட்டிக்குத் தொடையில் தழும்பா என்று இரண்டு நாள் வேறு வேலை எதையும் தொடாமல் பெட்டிக்கு ஓர் உறை தைத்தார். உள்ளே இரண்டு விரல் கனத்துக்குப் பஞ்சு, வெளியே கறுப்புத் தோல்துணி, இரட்டைத் தையல். அளவு அவ்வளவு கச்சிதம்: பெட்டியை உள்ளே இறக்க இரண்டு பேர் வேண்டும். கழற்றவும் இரண்டு பேர் வேண்டும். அதனால் கழற்றவே தேவையில்லாதபடி மேல்பக்கத்தில் ஒரு மடிப்பு வைத்து, உறையோடு இருக்கும்போதே மூடியைத் திறக்க வழி செய்திருந்தார்.

"தம்பிக்கு அப்பா சட்டை தைச்சுட்டார். எனக்குப் பள்ளிக்கூடப் பை கிழிஞ்சு ரெண்டு வாரம் ஆச்சு" என்றாள் மகள்.

தழும்பு ஒரு மாதத்தில் மறைந்தது. அதே சமயத்தில்தான் மில்லிக்குக் கெட்ட காலமும் தொடங்கியது.

ஒரு வாசனைத்திரவியக் கம்பெனியில் அவள் சரிசெய்து கொடுத்த தராசு தப்பாகக் காட்டுகிறது என்று அடுத்த வாரம் புகார் வந்தது. அலுவலகத்திலிருந்து மீசை என்கிற சக ஊழியர் தன் பெட்டியோடு போய்ப் பார்த்தார். தராசு முன்பு சரியாகத்தான் இருந்திருக்கிறது, மில்லி கைவைத்த பிறகுதான் கெட்டிருக்கிறது என்று தெரிந்தது. பன்னிரண்டு வருடத்தில் முதல் புகார். போகட்டும் என்றார்கள். ஐந்து வாரம் கழித்து ஒரு சோதனைக்கூடத்திலிருந்து அதே மாதிரி இரண்டாவது வந்தது. மேலாளர் அவள் எடைக்கற்களை அலுவலகத்தின் அளவுக்கூடத்துக்கு அனுப்பினார். மூன்று நாள் கழித்து, கற்களில் ஒரு குறையும் இல்லை என்று தாள் வந்தது. கல்லில் குறையில்லை என்றால் கையில்தான் குறை.

மேலாளர் திட்டவில்லை. அதுதான் அவளை அதிகம் உறுத்தியது. இந்தப் பயணம் இரண்டே இடம், நிதானமாகச் செய், மூன்றாவது புகார் மட்டும் வேண்டாம் என்றார். வந்தால் அலுவலகத்திலேயே ஒரு மேசை காலியாக இருக்கிறது, மற்றவர்கள் எழுதிக்கொண்டு வருவதைத் தட்டச்சு செய்யலாம் என்றார். அந்த மேசையை அவளுக்குத் தெரியும். ஜன்னலைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து இருக்கும்.

கிளம்புகிற காலையில் அவள் மூன்று தடவை பெட்டியைத் திறந்து கற்களை எண்ணினாள். நாலாவது தடவை திறக்கப் போனபோது கணவர் தையல் ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

"கல்லு எங்கயும் ஓடாது. வந்து ரெண்டு வாய் சாப்பிடு."

"பசிக்கலைங்க. டீ குடிச்சுட்டேன்."

"டீயிலயே ஓடுறதுக்கு நீ என்ன வண்டியா?" அவர் கொஞ்ச நேரம் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். "இங்க பாரு, அந்த மேசைதான் கிடைக்கும்னா கிடைச்சுட்டுப் போகட்டுமே. இடுப்பு வலி மிச்சம். தினமும் வீட்டுல தூங்கலாம்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அவள் முகம் மாறிவிட்டது. அப்போ நீங்களும் என் கைதான் சரியில்லைன்னு முடிவு பண்ணிட்டீங்க என்றாள். அவர் அப்படிச் சொல்லவில்லை என்றார். சொல்லாமலே சொன்னீர்கள் என்றாள். மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தம்பிக்குக் காதிருக்கு, அவன் முன்னாடி சண்டை போடாதீங்க என்றாள். அந்தப் பேச்சுக்கும் யாரும் சிரிக்கவில்லை. மில்லி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். கணவர் பின்னாலேயே வந்து, நாலு அவித்த முட்டையும் ரொட்டியும் வைத்த டப்பாவை அவள் பைக்குள் திணித்தார். அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் திரும்பிப் போய்விட்டார்.

பயணத்தில் சோர்ந்துபோகாமல் இருக்க மில்லி தனக்கென்று சில பழக்கங்களை வைத்திருந்தாள். யாரும் சொல்லித் தந்தவை இல்லை. பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்டவை. வண்டி நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, வண்டியை ஒருமுறை சுற்றி நடப்பாள். போகிற இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர மாட்டாள். அரைமணி முன்னதாகப் போய் எதிரில் இருக்கும் கடையில் நின்று, உள்ளே போகிறவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று பார்ப்பாள். வேகமாக நடந்தால் அது முதலாளி திட்டுகிற இடம். வாசல் குழாயில் முகம் கழுவுவாள். காதில் சின்னத் தோடு இரண்டையும் அப்போதுதான் மாட்டுவாள். கடைசியாக, உள்ளே போய்த் தராசு இருக்கும் மேசைமேல் உள்ளங்கையை வைத்து ஒரு வாக்கியம் சொல்வாள்: "வேலை முடியிற வரைக்கும் இந்த மேசை என்னோடது." சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் அதற்குப் பிறகு யாரும் அந்த மேசையில் டீக் கோப்பையை வைத்ததில்லை.

இரண்டு மாதமாக அந்த வாக்கியம் வாயில் வரவில்லை. தோடு பைக்குள்ளேயே கிடந்தது. வண்டி நின்றாலும் இறங்காமல் ஜன்னலோரத்திலேயே உட்கார்ந்து, முன்பு செய்ததையெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தக் கல்லை எடுத்தேன், எந்தக் கையால் எடுத்தேன், அப்போது மூச்சை அடக்கியிருந்தேனா இல்லையா. கிளம்பின காலையிலும் வண்டியில் ஏறியதும் போன் அடித்தது. இருக்கையை அழுத்திப் பார் என்றார் கணவர். அழுத்தாமலே ஆறு என்றாள்.

முதல் இடம் ஒரு பெயின்ட் தொழிற்சாலை. அங்கே இருந்தது தரையோடு பதித்த பெரிய தராசு. டின் டின்னாக நிறுப்பது. கூடவே மேசைமேல் நாலு கிலோ வரை நிறுக்கும் இரண்டு தராசுகள். பெரிய தராசுக்கு அவர்களிடமே கனத்த இரும்புக் கற்கள் இருந்தன. மேசைத் தராசுகளுக்குத் தம்பி போதும். நடுவில் ஒரு தடவை, நாலு மூலையிலும் ஒவ்வொரு தடவை என்று கல்லை வைத்தாள். தட்டின் எந்த மூலையில் வைத்தாலும் தராசு ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். மூலைக்கு மூலை பேச்சை மாற்றினால் உள்ளே ஏதோ வளைந்திருக்கிறது. இவை மாற்றவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சின்னத் தவறெல்லாம் இந்தத் தராசுகளில் தெரியவே தெரியாது, கண்ணுக்குத் தெரிகிற தவறு வேண்டுமானால் கல்லோடு ஒரு கோழிமுட்டையையும் சேர்த்து வைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அந்த வெற்றி அவளுக்கு இனிக்கவில்லை.

அன்று இரவு விடுதி அறையில் அவள் தூங்கியதாகச் சொல்ல முடியாது. தலையணை செங்கல் மாதிரி இருந்தது. விடிந்ததும் முதல் வண்டியைப் பிடித்தாள். ஆறு மணிக்கே வெயில் வந்துவிட்டது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் இன்ஜின்மேல் இருக்கும் மேடையில் பெட்டியை வைக்கச் சொன்னார் நடத்துநர். உறை போட்ட பிறகு அவள் எப்போதும் அங்கேதான் வைத்தாள். முன்பெல்லாம் மடியில்தான். உறையின் புண்ணியத்தில் தம்பி உருளமாட்டான், அடிபடமாட்டான், அவளும் கையை வீசிக்கொண்டு உட்காரலாம். மூன்றேகால் மணி நேரப் பயணம்.

இரண்டாவது இடம் மருந்துத் தொழிற்சாலை. அங்கே தராசுக்குத் தனி அறை இருந்தது. குளிரூட்டிய அறை, கல் பலகை மேசை, கதவைத் திறந்தால் காற்று புகாமலிருக்க இன்னொரு கதவு. தராசைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டு. ஒரு கிராமைப் பத்தாயிரம் துண்டாக்கி அதில் ஒரு துண்டைக் காட்டும் தராசு அது. அதன் எதிரில் பலமாக மூச்சுவிட்டால் எண்கள் ஓடும். தரம் பார்க்கும் அதிகாரியான பெண்மணி வாசலிலேயே காத்திருந்தார். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, கையில் கடிகாரம் இல்லாமலே மணி பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

"பன்னெண்டு மணிக்குள்ள முடிச்சுடுவீங்க இல்ல? மருந்துப் பொடி கலக்கிறதுக்கு ஆளுங்க நிக்கிறாங்க. இந்தத் தராசு இல்லாம ஒண்ணும் நகராது."

"பார்க்கலாம் மேடம்" என்றாள் மில்லி. மேசைமேல் கைவைக்கவும் இல்லை, வாக்கியத்தைச் சொல்லவும் இல்லை.

ஒன்பதரைக்குத் தொடங்கினாள். உறையின் மடிப்பை விலக்கி, பெட்டியின் மூடியைத் திறந்து, தராசுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். வெளியிலிருந்து வந்த கற்கள் அந்த அறையின் சூட்டுக்கு இறங்கி வரவேண்டும். இது இந்தத் தொழிலின் முதல் விதி. சூடான கல்லைத் தட்டில் வைத்தால் அதைச் சுற்றியிருக்கும் காற்றும் சூடாகி மேலே எழும். எழும் காற்று கல்லையும் தட்டையும் துளி தூக்கிவிடும். கல் தன் எடையைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டும். அதற்குத்தான் காத்திருப்பது. ஒன்றரை மணி நேரம் என்பது மில்லியின் கணக்கு. பன்னிரண்டு வருடமாக அது போதுமானதாக இருந்தது. அந்த நேரத்தில் தராசின் மட்டம் பார்க்கும் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தாள். தட்டைத் துடைத்தாள். பழைய சான்றிதழைப் படித்தாள். இரண்டு தடவை டீ வந்தது, இரண்டையும் குடித்தாள்.

பதினொன்று ஐந்துக்கு இருநூறு கிராம் கல்லை இடுக்கியால் எடுத்து வைத்துக் கூண்டை மூடினாள். எண்கள் ஓடி, 199.9984 என்று நின்றன. நின்றன என்றும் சொல்ல முடியாது. கடைசி எண் நான்கிலிருந்து ஐந்தானது. கொஞ்ச நேரம் கழித்து ஆறு. மாடிப்படியில் முதியவர் ஏறுவதுபோல் மெதுவாக, ஆனால் விடாமல் ஏறியது.

வாசனைத்திரவியக் கம்பெனியிலும் இப்படித்தான் ஏறியது. சோதனைக்கூடத்திலும் இதே மாதிரிதான். இரண்டு இடத்திலும் தராசு குறைத்துக் காட்டுகிறது என்று முடிவு செய்து, அவள் தராசைத் திருத்தினாள். நல்ல தராசைக் கெடுத்துவிட்டு வந்தாள். இப்போது மூன்றாவது. தராசு கெட்டதா, கை கெட்டதா? கல்லை எடுத்து, மறுபடி வைத்தாள். 199.9985. இடுக்கி கண்ணாடியில் பட்டு ஓசை எழுப்பியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி எட்டிப் பார்த்தார். ஒரு பொத்தானை அழுத்தித் திருத்திவிட்டு, சான்றிதழை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடலாம். பன்னிரண்டு மணி வண்டி கிடைக்கும். அவள் விரல் அந்தப் பொத்தான் வரை போனது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கையுறைகளைக் கழற்றி, வேர்த்த கையைத் துடைத்துக்கொள்ள ஒரு துணி தேடினாள். துணி பெட்டிக்கும் உறைக்கும் நடுவே செருகியிருந்தது. எடுக்க விரலை நுழைத்தாள்.

உள்ளே கதகதப்பாக இருந்தது.

விரலை எடுக்காமல் நின்றாள். அறையில் அவளுக்கே தோள் சில்லிட்டிருந்தது. இந்த அறைக்கு வந்து இரண்டு மணி நேரம் ஆகப்போகிறது. போர்வைக்குள் தூங்கும் பிள்ளையின் முதுகில் கைவைத்த மாதிரி அலுமினியம் வெதுவெதுவென்று இருந்தது. மேலே திறந்த மூடி, குளிர்ந்த காற்று. கீழேயும் நாலு பக்கமும் இரண்டு விரல் கனத்துக்குப் பஞ்சு. முன்பு இந்தப் பெட்டி வெறும் அலுமினியமாகக் கல் மேசையில் உட்காரும். வாங்கிய சூட்டை மேசைக்கே கொடுத்துவிடும். இப்போது அதற்குச் சூட்டைக் கொடுக்க வழியில்லை. மூன்று மாதமாகத் தம்பி சட்டையோடு இன்ஜின்மேல் உட்கார்ந்து வந்து, சட்டையோடே வேர்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அளவுக்கூடத்துக்காரர்கள் கற்களை மட்டும் எடுத்து ஒரு நாள் முழுக்கக் கண்ணாடித் தட்டில் வைத்திருப்பார்கள். அவர்களிடம் குறை எப்படித் தெரியும்?

அவள் கை கெடவில்லை. அந்த எண்ணம் வந்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அடுத்த எண்ணம் உடனே வந்தது. உறையைத் தைத்தவர் யார் என்பது.

அதிகாரி கதவைத் திறந்தார். முடிஞ்சுதா என்றார். மில்லி எழுந்தாள்.

"இல்ல மேடம். கல்லு இன்னும் சூடா இருக்கு. ஆறணும். மூணரை மணி வரைக்கும் இந்தத் தராசை யாரும் தொடக்கூடாது."

"மூணரையா? பன்னெண்டுன்னு சொன்னீங்க."

"நீங்க சொன்னீங்க மேடம். நான் பார்க்கலாம்னு சொன்னேன்."

அதிகாரி தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். ஒன்பது மணிக்கு வருகிறவர்கள் முந்தின நாளே கல்லை அனுப்பியிருக்க வேண்டாமா என்றார். நாற்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்றார். சென்ற வருடம் வந்த மீசைக்காரர் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டார் என்றார். எல்லாம் உண்மைதான். கடைசியில், உங்கள் அலுவலகத்துக்கு நான் பேசிக்கொள்கிறேன் என்று போனை எடுத்தார்.

அதுதான் மூன்றாவது புகார். மில்லிக்கு அது தெரிந்தது. இன்னும் ஒரு நொடியில், வேண்டாம் மேடம், இருக்கிற எண்ணிலேயே எழுதித் தருகிறேன் என்று வாய் சொல்லியிருக்கும். அவள் உள்ளங்கையை எடுத்துக் கல் மேசைமேல் வைத்தாள். மேசை குளிர்ந்திருந்தது.

"பேசுங்க மேடம். ஆனா வேலை முடியிற வரைக்கும் இந்த மேசை என்னோடது."

மேலாளர் போனில் நிறையக் கேட்டார். அவள் ஒன்றையும் பூசி மெழுகவில்லை. போன இரண்டு இடத்திலும் கற்கள் ஆறுவதற்கு முன்னால் நிறுத்திருக்கிறேன், பெட்டிக்குப் போட்ட உறை சூட்டைப் பிடித்துவைத்திருக்கிறது, இப்போதுதான் தெரிந்தது என்றாள். எப்படி நிச்சயமாகச் சொல்கிறாய் என்று கேட்டார். நிச்சயமாகச் சொல்லவில்லை, மூன்றரை மணிக்குச் சொல்கிறேன் என்றாள். மறுமுனையில் பேனாவை மேசையில் தட்டும் ஓசை கொஞ்ச நேரம் கேட்டது.

"தப்பா இருந்தா என்ன ஆகும்னு தெரியுமில்ல மில்லி?"

"தெரியும் சார். அந்த மேசை சுவத்தைப் பார்த்து இருக்கும்."

வாசலில் நின்ற காவலாளியை உதவிக்குக் கூப்பிட்டாள். ஒருவர் உறையைப் பிடிக்க, ஒருவர் பெட்டியை இழுக்க, பிரசவம் பார்க்கிற மாதிரி மூச்சுப்பிடித்துத் தம்பியை வெளியே எடுத்தார்கள். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கற்களை ஒவ்வொன்றாக இடைவெளிவிட்டு வரிசையாக வைத்து, தூசி படாமல் மேலே கண்ணாடி மூடியைக் கவிழ்த்தாள். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை. இந்தத் தொழிலில் கஷ்டமான பாகமே இதுதான். அடுத்தவர் இடத்தில், அடுத்தவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நடைபாதையில் ஒரு நாற்காலி போட்டுத் தந்தார்கள். கண்ணாடிச் சுவர் வழியே கற்கள் தெரிந்தன. போகிற வருகிற ஆட்கள் எல்லாம் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்கள். பொடி கலக்குகிறவர்களில் ஒருவர், என்ன மேடம், கல்லு குளிக்கப் போயிருக்கா என்று கேட்டார். ஆமாம், தலை துவட்டிக்கிட்டு வரும் என்றாள். அப்போதுதான் வயிறு எரிவது தெரிந்தது. நேற்று முன்தினத்திலிருந்து அதற்குள் டீதான் போயிருக்கிறது. கணவர் திணித்த டப்பாவைத் திறந்தாள். முதல் நாள் முட்டை என்ன ஆகியிருக்குமோ என்று முகர்ந்து பார்த்து அதை ஒதுக்கினாள். ரொட்டி காய்ந்திருந்தது. ஆனால் அடியில் இரண்டு வாழைப்பழமும் உப்புப் போட்ட கடலையும் இருந்தன. எல்லாவற்றையும் தின்றாள். தண்ணீர் குடித்தாள். பையைத் துழாவித் தோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். காலியான உறையை என்ன செய்வதென்று தெரியாமல் மடித்து முதுகுக்குப் பின்னால் வைத்துச் சாய்ந்தாள்.

அடுத்து அவளுக்கு நினைவிருப்பது, யாரோ தோளைத் தட்டியது.

"மூணு இருபத்தஞ்சு" என்றார் அதிகாரி. "எழுப்ப வேணாம்னு பார்த்தேன். ஆனா உங்க குறட்டை ஆய்வகம் வரைக்கும் கேக்குது. பிள்ளைங்க எண்ணிக்கையை விட்டுட்டுச் சிரிக்குதுங்க."

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். கையுறை மாட்டினாள். அதிகாரி வெளியே போகாமல் அவள் பின்னாலேயே நின்றார். மூச்சை அந்தப் பக்கம் விடுங்க மேடம் என்றாள் மில்லி. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். இருநூறு கிராம் கல் தட்டில் உட்கார்ந்தது. கூண்டு மூடியது. எண்கள் ஓடி நின்றன.

200.0001.

இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடம் ஆனது. கடைசி ஒன்று ஒன்றாகவே இருந்தது. மில்லி கல்லை எடுத்து, மறுபடி வைத்தாள். அதே எண். நூறு வைத்தாள், ஐம்பது வைத்தாள், நாலு மூலையிலும் வைத்தாள். தராசு எந்த மூலையிலும் பேச்சை மாற்றவில்லை.

"அப்போ இது காலையிலயும் சரியாத்தான் இருந்துச்சா?" என்றார் அதிகாரி.

"சரியாத்தான் இருந்துச்சு மேடம். நான் பன்னெண்டு மணிக்கு முடிச்சிருந்தா கெட்டிருக்கும்."

அதிகாரி தராசை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். சான்றிதழில் கையெழுத்துப் போட்டு வாங்கியபின், வாசல் வரை கூடவே வந்தார். அடுத்த வருஷமும் நீங்களே வாங்க, ஆனா முந்தின நாளே வந்துடுங்க என்றார்.

மேலாளரிடம் எண்ணைச் சொன்னாள். அந்த இரண்டு இடத்துக்கும் நானே திரும்பப் போய், நடந்ததைச் சொல்லி, அவர்கள் முன்னால் நிறுத்துக் காட்ட வேண்டும் என்றாள். அவமானமாக இருக்காதா என்று கேட்டார். இருக்கும் என்றாள். காரணத்தை எழுத்தில் கொடு என்றார். பேருந்து நிலையப் பலகையில் உட்கார்ந்து எழுதினாள். 'பெட்டியின் மேலுறை வெப்பத்தை வெளியே விடாததால்' என்பதோடு நிறுத்திக்கொண்டாள். உறை எங்கே வாங்கியது என்று அந்தத் தாளில் ஒரு கட்டம் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் போன் வந்தது. அவர் வழக்கம்போல் தொடங்கினார்.

"அழுத்திப் பார்த்தியா?"

இந்த முறை உண்மையாகவே அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. "மூணுங்க."

"மூணா? புதுப் பஞ்சு. நல்லாத் தூங்கு." அதற்குமேல் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது.

"ஏங்க, தம்பியோட சட்டைக்குள்ள என்ன பஞ்சு வெச்சீங்க?"

"ஏன்? பிரிஞ்சிடுச்சா?" குரல் உயர்ந்தது. "பிரிய வாய்ப்பே இல்லையே. இருக்கிறதுலயே உசத்தியானது அது. ஐஸ் வண்டிக்கு உள்சுவர் தைச்சேன் பாரு, அதுல மிஞ்சினது. கடையில காசு குடுத்தாலும் கிடைக்காது. எட்டு மணி நேரம் வெயில்ல நின்னாலும் ஒரு சொட்டு..."

அங்கே நின்றுவிட்டார். பட்டறையில் மின்விசிறி ஓடும் ஓசை அவளுக்குக் கேட்டது. தையல் மெஷினின் சக்கரத்தை அவர் கையால் பிடித்து நிறுத்தியதும் கேட்டது. பஞ்சோடு வாழ்கிற மனிதர். மீதியை அவளே சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"ரெண்டு இடத்துலயுமா?" என்றார் கடைசியில்.

"ரெண்டு இடத்துலயும்."

"நான்தான் உன் கையைக் கெடுத்தேனா?"

"கை கெடலைங்க. அதைத்தான் சொல்ல வந்தேன். தம்பிக்குப் புழுக்கமா இருந்திருக்கு, அவ்வளவுதான். இன்னைக்குச் சட்டையைக் கழட்டிட்டேன். சரியாயிட்டான்."

அதைக் கிழித்துப் போட்டுவிடு என்றார். மாட்டேன் என்றாள். இன்னைக்கு மத்தியானம் அதுல சாஞ்சுதான் மூணு மணி நேரம் தூங்கினேன், ஊரே கேக்குற மாதிரி குறட்டை விட்டேனாம் என்றாள். அவர் சிரிக்கவில்லை. போனை மகளிடம் கொடுத்தார். மகள் எடுத்த எடுப்பிலேயே, அப்பா மூஞ்சி ஏன் இப்படி இருக்கு, தம்பி என்ன பண்ணான் என்றாள்.

நடத்துநர் வந்து, பெட்டியை முன்னால் இன்ஜின்மேல் வைக்கட்டுமா என்றார். வேண்டாம், அங்கே சூடு என்றாள் மில்லி. வெறும் அலுமினியப் பெட்டியை மடியில் வைத்து, ஜன்னலைத் திறந்து, உறையைத் தலைக்குக் கீழே கொடுத்துக்கொண்டாள். முதல் பள்ளத்திலேயே விளிம்பு தொடையில் பழைய இடத்தைத் தேடிப்பிடித்து இடித்தது. இரண்டாவது பள்ளம் வருவதற்குள் அவள் தூங்கிவிட்டாள்.

நான்கு நாள் கழித்து அவள் மறுபடி கிளம்ப வேண்டியிருந்தது. வாசனைத்திரவியக் கம்பெனி முதலில், பிறகு சோதனைக்கூடம். முந்தின நாளே போய்ச் சேர்வதற்காக மத்தியான வண்டி. அங்கே போய் என்ன சொல்லவேண்டும் என்பதை அவள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தபடியே அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். உட்கார முடியவில்லை. ஆனால் பெட்டியை ஒரே தடவைதான் திறந்து பார்த்தாள்.

உடை மாற்றும்போது மகள் பார்த்துவிட்டாள். "அப்பா, தம்பி திரும்பவும் அம்மாவைக் கடிச்சு வெச்சிருக்கான்."

அவர் பட்டறையிலிருந்து எழுந்து வந்தார். ஊரிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் அவளோடு சரியாகப் பேசவில்லை. முட்டை கெட்டுப்போனதற்காக மட்டும் ஒருமுறை வருத்தப்பட்டிருந்தார். தழும்பைக் குனிந்து பார்த்தார். கட்டைவிரலால் லேசாக அழுத்தி, பள்ளம் மேலே வருகிறதா என்று பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்தார்.

"பெட்டி அங்க இருக்குங்க" என்றாள் அவள்.

"பெட்டி கிடக்கட்டும்" என்று அவர் நாடாவை அவள் தொடையைச் சுற்றிக் கொண்டுவந்தார். "நேரா நில்லு. ஆடாத. இந்தத் தடவை காத்துப் போற பஞ்சு."